பல் நேரானது! வெள்ளைத் திட்டு எப்படி வந்தது?

அன்று என் அக்காள் வீட்டில் ஒரே கொண்டாட்டம்.

அக்காள் மகளுக்குப் பல்லில் போட்டிருந்த கிளிப்பைக் கழற்றிய நாள் அது. சிறு வயதிலிருந்தே அவள் வாய்விட்டுச் சிரித்தது இல்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். முன்பற்கள் அப்படித் துருத்திக்கொண்டிருந்தன. அக்காள் சீட்டுப் பணத்தை எடுத்தாள். இரண்டு ஆண்டுகள் மாதா மாதம் பஸ் ஏறிப் போய், கம்பியை இறுக்கி இறுக்கி, ஒரு வழியாக வேலை முடிந்தது. பற்கள் வரிசையாக நின்றன.

வீட்டுக்கு வந்ததும் பெண் கண்ணாடி முன் போய் நின்றாள். சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"மாமா, இது என்ன?" என்று கேட்டாள்.

பார்த்தேன். மேல் வரிசையில் நான்கு பற்களில் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைத் திட்டு! கிளிப் ஒட்டியிருந்த இடம் மட்டும் சதுரமாக, நல்ல நிறமாக இருந்தது. அதைச் சுற்றிலும் வெள்ளை. விரலால் தேய்த்தாள். துணியால் துடைத்தாள். போகவில்லை.

"தேய்க்கத் தேய்க்கப் போய்விடும்" என்றாள் அக்காள். ஆனால் அவள் குரலில் தெம்பு இல்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? கறை படியக்கூடாது என்று அக்காள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. இரண்டு ஆண்டுகளாக அந்த வீட்டில் மஞ்சள் போட்டுக் குழம்பு வைக்கவில்லை! வெளிறிப்போன சாம்பாரை நானும் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். அத்தான் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுவார். அப்படிக் காவல் இருந்தும் கறை வந்துவிட்டது. அதுவும் மஞ்சள் கறை அல்ல, வெள்ளைக் கறை.

காவல் வேறு வாசலில். திருடன் வந்தது வேறு வாசலில்.

மஞ்சள் செய்யும் வேலை

முதலில் மஞ்சளின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கிளிப் போட்ட எல்லா வீட்டிலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

பல்லின்மேல் ஒட்டியிருக்கும் சின்ன உலோகத் துண்டுக்கு 'பிராக்கெட்' என்று பெயர். அதன் நடுவே கம்பி ஓடுகிறது. கம்பி நழுவாமல் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு பிராக்கெட்டின்மேலும் ஒரு பொடி ரப்பர் வளையம் மாட்டுவார்கள். மஞ்சள் பிடிப்பது இந்த வளையத்தில்தான்.

ஏன் பிடிக்கிறது? மஞ்சளில் உள்ள சாயம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். குழம்பில் எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெயோடு சாயம் வளையத்துக்குள் ஊறிவிடுகிறது. பிளாஸ்டிக் டப்பாவில் சாம்பார் சாதம் கொடுத்து அனுப்பினால், எத்தனை தேய்த்தாலும் டப்பா மஞ்சளாகவே இருக்கிறது அல்லவா? அதே சமாசாரம்தான். துணியில் மஞ்சள் கறை பட்டால் நம் வீட்டுப் பெண்கள் வெயிலில் காயப்போடுவார்கள். கறை வெளுத்துவிடும். வாய்க்குள் வெயிலுக்கு எங்கே போவது?

ஆனால் இந்தக் கறையால் பல்லுக்கு ஒரு கெடுதலும் இல்லை. மாதம் ஒருமுறை டாக்டரிடம் போகும்போது பழைய வளையத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய வளையம் போடுவார். கறையும் அதோடு போயிற்று. ஆகையால் வெளிறிய சாம்பார் வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

வளையத்தின் நிறத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பல் நிறத்தில் இருந்தால் வெளியே தெரியாது என்று எண்ணி, வெள்ளை வளையமும் நிறமற்ற வளையமும் கேட்பார்கள். அவைதான் இரண்டே நாளில் மஞ்சளாகிப் பல்லையே அழுக்காகக் காட்டும். வெளிர் நீலத்தில் மஞ்சள் ஏறினால் பச்சையாகிவிடும்! சாம்பல் நிறமும் கருநீலமும் நம் சமையலுக்குத் தோதானவை. கல்யாணம், போட்டோ என்று ஏதாவது வந்தால், அதற்கு முந்தைய நாளில் வளையம் மாற்றிக்கொள்ளலாம். வளையமே வேண்டாம் என்றால், மெல்லிய கம்பியால் கட்டும் முறையும் உண்டு. டாக்டரைக் கேளுங்கள்.

பல் நிறத்தில் பீங்கான் பிராக்கெட்டும் இப்போது போடுகிறார்கள். விலை கூடுதல். பீங்கானில் கறை எளிதில் ஏறாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள பசையிலும் ரப்பர் வளையத்திலும் ஏறும். "காசு கொடுத்தோமே!" என்று பிறகு வருத்தப்படக்கூடாது.

வெள்ளை எங்கிருந்து வந்தது?

இனி அந்த வெள்ளைத் திட்டுக்கு வருவோம்.

பல்லின் மேல் ஓட்டுக்கு எனாமல் என்று பெயர். நம் உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள் அதுதான். எலும்பைவிடக் கெட்டி. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். எனாமல் கரைந்து குழி விழுந்தால் மறுபடி வளராது.

சாப்பிட்ட பிறகு பல்லில் வழுவழுப்பாக ஒரு படலம் படிகிறது. காலையில் எழுந்ததும் நாக்கால் தடவினால் தெரியுமே, அதுதான். அது வெறும் அழுக்கு அல்ல. கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கும் இடம். நாம் தின்னும் சர்க்கரையை அவையும் தின்கின்றன. தின்றுவிட்டு அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. நம்முடைய எச்சில் சும்மா இருப்பதில்லை. அது அமிலத்தை அடக்கி, கரைந்த சத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறது. இதற்கு அரைமணி நேரம் ஆகலாம். சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.

நாள் முழுவதும் இந்தக் கரைப்பதும் வைப்பதும் நடந்துகொண்டே இருக்கின்றன. வைப்பதைவிடக் கரைப்பது அதிகமானால், எனாமலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடித் துளைகள் விழுகின்றன. அந்த இடம் பளபளப்பை இழந்து, சுண்ணாம்புபோல வெளுத்துத் தெரிகிறது. அதுதான் வெள்ளைத் திட்டு. சொத்தைப் பல்லின் முதல் படி அது!

கிளிப் போட்டவர்களுக்கு ஏன் இது அதிகம்? பிராக்கெட்டைச் சுற்றி மூலை முடுக்குகள் இருக்கின்றன. சோற்றுப் பருக்கையும் படலமும் அங்கே தங்கிவிடும். எச்சிலும் பிரஷும் சரியாகப் போகாது. பிராக்கெட்டுக்கு அடியில் பசை மூடியிருப்பதால் அந்த இடம் மட்டும் தப்பித்துவிடும். கழற்றும்போது நடுவில் சதுரம் நன்றாகவும் சுற்றிலும் வெள்ளையாகவும் தெரிவது இதனால்தான். ஈறை ஒட்டிய பக்கத்தில்தான் திட்டு முதலில் விழும்.

இதற்கு இரண்டு ஆண்டுகள் வேண்டும் என்று நினைக்காதீர்கள். சரியாகத் துலக்காவிட்டால் நான்கு வாரங்களே போதும்.

எங்கள் வீட்டுப் பெண் என்ன செய்தாள்? காலையில் சர்க்கரை போட்ட காப்பி. பள்ளிக்கூடம் போகும்போது பிஸ்கட். இடைவேளையில் குளிர்பானம். மாலையில் மறுபடி காப்பி, மறுபடி பிஸ்கட். இரவு படுக்கும்போது சர்க்கரை போட்ட பால். ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம் அமிலம். எச்சில் பாவம், என்ன செய்யும்? "கிளிப்பால் பல் வலிக்கிறது, கடிக்க முடியவில்லை" என்று அவள் சொல்ல, மெத்தென்று இருக்கட்டும் என்று அக்காள்தான் இவற்றையெல்லாம் ஆசையோடு வாங்கிக் கொடுத்தாள்.

எவ்வளவு இனிப்புத் தின்றோம் என்பதைவிட, எத்தனை தடவை தின்றோம் என்பதே முக்கியம். லட்டு தின்ன ஆசையா? மத்தியானச் சாப்பாட்டோடு தின்றுவிட்டு வாய் கொப்பளியுங்கள். அதையே நாலாகக் கிள்ளி நாலு வேளை தின்றால்தான் ஆபத்து. கமர்கட்டும் ஜவ்வு மிட்டாயும் பல்லோடு ஒட்டிக்கொள்ளும். கடலை மிட்டாய், முறுக்கு, கரும்பு ஆகியவை பிராக்கெட்டையே பெயர்த்துவிடும்.

துலக்குவது எப்படி?

வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் நம் பாட்டன்மார்களுக்கு உதவின. அவர்கள் வாயில் கம்பி இல்லை! குச்சி கம்பிக்கு அடியில் போகாது. இழுத்தால் பிராக்கெட் பெயரும். சாம்பல், செங்கல்தூள், கரித்தூள் எதுவும் வேண்டாம். அவை எனாமலை அராவிவிடும்.

மெல்லிய தூவி உள்ள பிரஷ் வேண்டும். கிளிப் போட்டவர்களுக்கென்றே நடுவில் பள்ளம் வைத்த பிரஷ் கிடைக்கிறது. முதலில் பிரஷைச் சாய்த்துப் பிடித்து, பிராக்கெட்டுக்கு மேல்புறம் தேயுங்கள். பிறகு கீழ்ப்புறம். பிறகு நேராக. உள்பக்கத்தையும் கடிக்கும் பக்கத்தையும் மறக்க வேண்டாம். பால் புட்டி கழுவும் பிரஷைப் பொம்மைக்குச் செய்ததுபோலப் பொடியாக ஒரு பிரஷ் மருந்துக் கடையில் விற்கிறது. அதைக் கம்பிக்கு அடியில் நுழைத்து இழுத்தால், பெரிய பிரஷ் விட்டுவைத்தது எல்லாம் வந்துவிடும். புதிதாகப் பழகுபவர்களுக்கு ஐந்து நிமிடமாவது ஆகும். அவசரப்படுத்தாதீர்கள்.

தூங்கும்போது எச்சில் குறைவாகச் சுரக்கும். ஆகையால் காலையில் துலக்குவதைவிட இரவில் துலக்குவது முக்கியம். நம் வீடுகளில் இதுதான் தலைகீழாக நடக்கிறது.

பற்பசை வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் படியுங்கள். 'ஃபுளோரைடு' என்று இருக்க வேண்டும், 1,000 பி.பி.எம். அளவில் இருந்தால் நல்லது. எச்சில் சத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறது என்றேனே, அந்த வேலைக்கு ஃபுளோரைடு கைகொடுக்கும். துலக்கியபின் நுரையைத் துப்புங்கள். செம்புத் தண்ணீரையும் ஊற்றிக் கொப்பளித்தால் மருந்தெல்லாம் போய்விடும்.

"ஃபுளோரைடா? அதனால்தானே பல் பழுப்பாகிறது?" என்று தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வாசகர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பல் உருவாகும் சிறு வயதில் அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால் பல்லில் வெள்ளையும் பழுப்புமாகக் கறை விழும். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால் பற்பசை குடிப்பதற்கு அல்ல, துப்புவதற்கு. கிளிப் போடும் வயதில் முன்பற்கள் முழுதும் உருவாகி முடிந்துவிடுகின்றன. அந்தப் பக்கத்துப் பெற்றோர் ஒன்று செய்யுங்கள். கிளிப் ஒட்டும் முன் பல்லைப் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எது பழைய கறை, எது புதுத் திட்டு என்று பின்னால் சண்டை வராது.

இன்னும் சில கறைகள்

காப்பி, தேநீர் கறை மேலோடு நிற்கும். குடித்ததும் ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்தால் பாதி குறையும். வெற்றிலை பாக்கைக் கிளிப் இருக்கும்வரை விட்டுவிடுங்கள். இரும்புச் சத்து டானிக் பல்லைக் கறுப்பாக்கும். குழல் வைத்துக் குடிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஈறு வீங்கினால் டாக்டர் 'குளோர்ஹெக்சிடின்' என்ற வாய் கொப்பளிக்கும் மருந்து எழுதிக் கொடுப்பார். நல்ல மருந்துதான். ஆனால் அவர் சொன்ன நாளுக்கு மேல் தொடர்ந்தால் அதுவே பல்லில் பழுப்புக் கறை போடும். புட்டி மீதியிருக்கிறதே என்று கொப்பளிக்க வேண்டாம்.

'பல்லை வெண்மையாக்கும்' பசைகளும் இப்போது வேண்டாம். பிராக்கெட்டுக்கு அடியில் அவை போகாது. கழற்றிய பிறகு பல் இரண்டு நிறமாக நிற்கும்.

அந்தக் காலத்தில் கிளிப் என்றால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி முழு உலோகப் பட்டை மாட்டுவார்கள். அமெரிக்காவில் மைக்கேல் புவோனகோர் என்ற பல் மருத்துவர் 1955-ல் ஒரு வழி கண்டார். எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பசை கெட்டியாகப் பிடிக்கும் என்று காட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று பொட்டுபோல ஒட்டும் பிராக்கெட். வாய் முழுக்கப் பட்டை மாட்டிய தொல்லை நமக்கு இல்லை. பல்லின் பெரும்பகுதி வெளியே தெரிகிறது. துலக்க வழி இருக்கிறது.

பெண்ணின் பல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வேறொரு டாக்டரிடம் காட்டினோம். "உடனே ஒன்றும் செய்ய வேண்டாம். ஃபுளோரைடு பசையால் ஒழுங்காகத் துலக்கட்டும். கிளிப் போனதால் எச்சில் நன்றாகப் படும். சில மாதம் பார்ப்போம்" என்றார். ஆறு மாதத்தில் இரண்டு திட்டுகள் மங்கிவிட்டன. பக்கப் பற்களில் இரண்டு மட்டும் நிற்கின்றன. அவற்றில் ஒருவகைப் பிசினை ஊறவைத்து வெள்ளையை மறைக்கலாமாம். செலவு ஆகும். அடுத்த சீட்டு எடுத்தபின் பார்க்கலாம் என்கிறாள் அக்காள்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. முதலில் பார்த்த டாக்டர் மாதா மாதம் கம்பியை இறுக்கினார், பணம் வாங்கினார். ஒரு நாளாவது கண்ணாடியைக் கையில் கொடுத்து, "ஈறு ஓரம் வெளுக்கிறது, பார் அம்மா" என்று சொல்லியிருக்கக்கூடாதா? ஒவ்வொரு தடவையும் கம்பியை எடுத்து வளையம் மாற்றும்போது, "வெள்ளை ஏதாவது தெரிகிறதா?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். ஆரம்பத்தில் கண்டால் பல்லில் ஃபுளோரைடு வார்னிஷ் பூசி நிறுத்த முடியும்.

போன மாதம் அக்காள் மகனுக்குக் கிளிப் போட்டார்கள். ஜன்னல் ஓரத்தில் கைக்கண்ணாடி தொங்குகிறது. இரவு சாப்பாடு ஆனதும் தம்பியை வெளிச்சத்தில் நிறுத்தி, அவன் துலக்கியதைச் சரிபார்ப்பது அக்காளின் மகள்தான். எந்தப் பிராக்கெட்டின் ஓரமாவது மங்கலாகத் தெரிந்தால் மறுபடி துலக்க வேண்டும்.

வளையம் என்ன நிறம் வேண்டும் என்று டாக்டர் கேட்டபோது, பையன் வெளிர் நீலம் கேட்டான். "மஞ்சள் பட்டால் பச்சையாகிவிடுமடா" என்றேன்.

"அப்படியா மாமா? அப்போ ஒரே காசில் இரண்டு கலர்!" என்றான்.

சாம்பாரில் மறுபடி மஞ்சள் விழுகிறது. அத்தான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.