சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் இரண்டு நாட்கள்: வளர்ப்பு முயல்களைக் காக்கும் கடமை

நாய்க்கும் பூனைக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விப்பது இலங்கையில் இன்று பலரும் அறிந்த காரியம். அந்த அறிவைக் கொண்டே, திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த உவர்மலையிலோ உப்புவெளியிலோ சீனக்குடாவிலோ கிண்ணியாவிலோ தம் வீட்டில் பெண் முயல் வளர்க்கும் ஒருவர் அதற்கும் அச்சிகிச்சையைச் செய்விக்க எண்ணும்போது, நாயிடம் கற்ற பழக்கங்களையே முயலிடமும் கையாள முற்படுவது இயல்பு. ஆனால் முதல்நாள் இரவே ஆகாரத்தை நிறுத்துவதும், கழுத்தைச் சுற்றிக் கூம்பு வடிவான காப்பை மாட்டுவதும், வீடு திரும்பியபின் உறங்கட்டும் என்று இரவு முழுவதும் தனியே விட்டுவிடுவதுமாகிய இம்மூன்றும், நாய்க்கு எவ்வளவு உகந்தவையாயினும், முயலின் உயிருக்கே அபாயம் விளைவிக்கக் கூடியவை. முயலுக்குப் பெரிய சோதனை வைத்தியரின் கத்தியன்று, அதற்குப் பின் வரும் இரண்டு நாட்களே என்பதையும், அந்நாட்களில் அதன் பிராணனைக் காக்கும் பொறுப்பில் பெரும் பங்கு வளர்ப்பவருடையது என்பதையும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் அவசியம்.

சிகிச்சை ஏன் வேண்டும், அபாயம் எங்கே இருக்கிறது?

கருப்பையும் சூலகங்களும் அகற்றப்படாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் தோன்றுவது மிகச் சாதாரணம். நான்கு வயதைக் கடந்தவற்றுள் சில இனங்களில் பாதிக்கு மேற்பட்டவை அந்நோய்க்கு உள்ளாகின்றன என ஆய்வுகள் காட்டியுள்ளன. அன்றியும், ஏறத்தாழ 31 நாட்களில் குட்டி ஈன்று, ஈன்ற உடனேயே மீண்டும் கருத்தரிக்கவல்ல இப்பிராணியின் பெருக்கத்தை வேறு வழியால் தடுப்பதும் எளிதன்று. ஆகவே, ஐந்தாறு மாத வயதுக்குப் பின் இச்சிகிச்சையைச் செய்விப்பது அதன் ஆயுளை நீட்டிக்கும் நற்செயலே ஆகும்.

ஆயினும் 2008ஆம் ஆண்டில் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்று நாம் கருத்திற்கொள்ள வேண்டிய உண்மையொன்றை நிறுவியது. மயக்கமருந்து கொடுக்கப்பட்ட நாய்களுள் ஆயிரத்துக்கு இரண்டுக்கும் குறைவானவையே இறக்க, முயல்களுள் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 14 இறந்தன. அவ்வாறு இறந்த முயல்களுள் பெரும்பாலானவை சிகிச்சை மேசையிலன்றி, சிகிச்சை முடிந்தபின்னரே மாண்டன. நோயற்ற முயல்களுக்கு இந்த அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது என்பது ஆறுதலான செய்தி. எனினும், சிகிச்சை நன்றாக முடிந்தது என்ற சொல்லைக் கேட்டவுடன் கவலையை விட்டுவிடலாகாது என்பதே இவ்வாய்வு நமக்குப் புகட்டும் பாடம்.

உணவு நின்றால்

முயலின் குடல் கந்தளாய்க் குளத்திலிருந்து தம்பலகாமத்து வயல்களுக்குப் பாயும் வாய்க்காலைப் போன்றது; ஓட்டம் இருக்கும்வரை எல்லாம் செழித்திருக்கும், ஓட்டம் நின்றால் தேங்கியது கெடத் தொடங்கும். நோவினாலும் அச்சத்தினாலும் மயக்கமருந்தின் மிச்சத்தினாலும் முயல் உண்ணாதிருக்குமாயின், குடலின் அசைவு தளர்ந்து, வாயு நிறைந்து, அதனால் நோவு மேலும் பெருகி, அந்நோவினால் உண்ணும் விருப்பம் இன்னும் குன்றி, இறுதியில் ஈரலும் கெட்டு உயிர் பிரிகின்றது. முயலால் வாந்தியெடுக்க இயலாது. ஆதலால் சிகிச்சைக்கு முன் அதனை நாயைப்போல் இரவு முழுதும் பட்டினி போட வேண்டிய காரணமே இல்லை. வாயில் உணவு தங்காதிருக்க ஓரிரு மணிநேரம் நிறுத்தினால் போதும்.

வீடு திரும்பிய மாலையிலேயே அது சிறிதாவது கொறிக்கத் தொடங்க வேண்டும். அறுகம்புல், கினிப்புல், வற்றாளை இலை, கொத்தமல்லி முதலியவற்றுள் அது முன்பே பழகியதை நன்றாகக் கழுவி, மூக்கருகே வைத்தல் நலம். புதிய உணவுகளைச் சோதித்துப் பார்க்கும் காலம் இதுவன்று. பன்னிரண்டு மணிநேரம் கடந்தும் உண்ணவில்லை, அல்லது புழுக்கை இடவில்லை என்றால், அதனை அவசர நிலையாகவே கருதி வைத்தியரை நாட வேண்டும். ஊறவைத்துக் கரைத்த உணவை ஊசியற்ற சிரிஞ்சினால் கடைவாயில் சிறிது சிறிதாக ஊட்டும் முறையை முன்கூட்டியே அவரிடம் கற்றுக்கொள்வது நன்று; ஆனால் வயிறு உப்பி இறுகியிருக்குமாயின், அவர் பாராமல் வலிந்து ஊட்டலாகாது.

தங்கும் இடமும் காயமும்

மயக்கம் தெளியும் முதல் சில மணிநேரத்தில் முயலின் உடல் குளிர்ந்துவிடும். காதுகள் சில்லென்றிருந்தால் மெல்லிய கதகதப்பு வேண்டும். அதன்பின் நம் பிரதேசத்துக்கு விசேஷமான அபாயம் உஷ்ணமே. கச்சான் காற்று வீசும் மாதங்களில் 30 பாகை செல்சியசைத் தாண்டும் பகற்பொழுது, வியர்வையால் உடலைத் தணிக்க இயலாத இப்பிராணிக்குப் பெரும் துன்பமாகும். மூதூரிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ அதனை வைத்தியரிடம் கொண்டு செல்வோர் வெயில் ஏறுமுன் புறப்படுவதும், வீட்டில் காற்றோட்டமுள்ள தரையிலே கூட்டை வைத்து, உறைந்த நீர்ப்போத்தலைத் துணியில் சுற்றி அருகில் வைப்பதும் விவேகமாகும்.

மரத்தூளை அகற்றிச் சுத்தமான துணியை விரித்து, வயிற்றிலுள்ள காயத்தைக் காலையும் மாலையும் பார்வையிட வேண்டும். சிவப்பு, வீக்கம், கசிவு, துர்நாற்றம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதிக்கலாகாது. ஈரமும் அசுத்தமும் உள்ள இடத்தில் ஈக்கள் இடும் முட்டைகள் ஒருநாளுக்குள்ளேயே புழுக்களாகிச் சதையைத் தின்னத் தொடங்கும். மாரிகாலத்தில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். கழுத்துக் காப்பை மாட்டினால், முயல் தன் குடலிலிருந்து பெரும்பாலும் இரவில் வெளியிட்டு வாயாலேயே எடுத்து உண்ணும் மென்மையான சத்துப்பொருளை அது இழந்துவிடும். ஆகையால் நூல் வெளியே தெரியாதபடி தோலின் உட்புறமாகத் தைக்க இயலுமா என வைத்தியரிடம் முன்பே வினவலாம். காயம் ஆறும் ஏறத்தாழ இரண்டு வாரம்வரை குளிப்பாட்டுதலும் உயரத்தில் தாவவிடுதலும் ஆண் முயலோடு விடுதலும் கூடாது.

மருந்தில் ஜாக்கிரதை

பற்களை நறநறவென அரைப்பதும், முதுகைக் குனித்து மூலையில் ஒடுங்குவதும், கண்களைப் பாதி மூடியிருப்பதும் முயல் தன் நோவைத் தெரிவிக்கும் மொழியாகும். சத்தமிடவில்லை ஆதலால் நோவில்லை என்று எண்ணுவது கொடுமையில் முடியும். மெலொக்சிகம் போன்ற நோவகற்றும் மருந்து, முயலுக்குரிய அளவில், வீட்டிலும் சில நாட்கள் தொடரப்பட வேண்டும். அதே வேளையில், வீட்டில் எஞ்சியிருக்கும் அமொக்சிசிலின், அம்பிசிலின், கிளிண்டமைசின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால், குடலிலுள்ள நன்மைதரும் நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சை உண்டாக்குபவை பெருகி, முயல் சில நாட்களில் இறந்துபோகலாம். நாய் உண்ணிக்குப் பூசும் பிப்ரோனிலும் இதற்கு விஷமே.

உரிமையும் பரிகாரமும்

1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி மிருக வைத்தியத் தொழில் பதிவுக்கு உட்பட்டது. சிகிச்சை செய்பவர் பதிவு பெற்றவரா, முயல்களுக்கு இச்சிகிச்சையைச் செய்த அனுபவம் உடையவரா, இரவில் இடர் நேர்ந்தால் யாரை அழைப்பது என்று வினவுதல் மரியாதைக் குறைவன்று, வளர்ப்பவரின் உரிமையே. அனுபவமுள்ளவர் அருகில் இல்லையெனில், தூரமாயினும், பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியபீடத்தின் போதனா வைத்தியசாலையை நாடும்படி ஆலோசனை கேட்கலாம். கொடுத்த மருந்துகளின் பெயரையும் அளவையும் எழுத்தில் பெற்று வைத்தல் வேண்டும். முயல் இறக்க நேரிட்டால் உடலை உறையவிடாமல் குளிரில் வைத்துப் பிரேத பரிசோதனை கோரலாம். கவனக்குறைவு உண்டெனக் கருதினால் மிருக வைத்தியப் பேரவையிடம் எழுத்துமூலம் முறையிடலாம்.

உரிமைக்கு மறுபுறம் கடமையும் உண்டு. வளர்ப்புப் பிராணியை வீணாகத் துன்புறுத்துவதை 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம் குற்றமாக்கியது. அது விதித்த நூறு ரூபாய் அபராதம் இக்காலத்தில் எவரையும் அஞ்சவைக்கும் தொகையன்று. ஆகவே சட்டத்துக்கு அஞ்சியன்றி, நம்மை நம்பி வாழும் ஜீவன் என்ற உணர்வினாலேயே நாம் கடமையாற்ற வேண்டும். சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன்னரே, நோவகற்றும் மருந்தும், அன்றாடம் எடைபார்க்க ஒரு சமையலறைத் தராசும், வைத்தியரின் தொலைபேசி இலக்கமும், இரவிலும் வரக்கூடிய ஒரு வாகனமும், இரண்டு நாட்கள் விழித்துக் கவனிக்க வீட்டில் ஒருவரும் உண்டா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும்வரை நாளைத் தள்ளிவையுங்கள். நோயற்ற முயலுக்குச் சில வாரத் தாமதத்தால் கேடில்லை, ஆயத்தமின்மையால் நேரும் கேட்டுக்கோ பரிகாரமில்லை.