‘டிரை’: இல்லாதது எது?

‘டிரை’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதற்பொருள் ஈரமில்லாதது. துணி, காற்று, மண், தொண்டை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். தொழில்களுக்குள் நுழைந்ததும், ஏதோ ஒன்று இல்லை என்பதை மட்டுமே அந்தச் சொல் உணர்த்துகிறது. இல்லாதது எது என்பது தொழிலுக்குத் தொழில் மாறும்.

டிரை கிளீனிங்கில் இல்லாதது தண்ணீர் மட்டுமே. பட்டுப் புடவையும் கம்பளிக் கோட்டும் இயந்திரத்துக்குள் தொப்பலாக நனையத்தான் செய்கின்றன. நனைப்பது பெர்குளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான். தண்ணீர் பட்டால் கம்பளி இழை ஊறி உப்பும். அலசி அடிக்கும்போது சுருங்கிவிடும். கரைப்பானோ இழையை உப்பவிடாமல் எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் கரைத்தெடுக்கும். துணியைவிட, கரைப்பானின் ஆவியை நாள் முழுதும் சுவாசிக்கும் தொழிலாளியின் உடல்நலம்தான் இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. ‘டிரை’ என்ற பெயர் அந்த ஆபத்தை வெளியே காட்டுவதில்லை.

டார்ச் லைட்டில் போடும் டிரை செல்லும் முழுக்கக் காய்ந்ததல்ல. பழைய மின்கலங்களில் கண்ணாடி ஜாடிக்குள் திரவம் தளும்பிக்கொண்டிருக்கும். 1880-களில் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் காஸ்னர் அதைப் பசையாக்கித் துத்தநாகக் குவளைக்குள் அடைத்தார். கவிழ்த்தாலும் சிந்தாது என்பதுதான் ‘டிரை’யின் பொருள். பசை உண்மையிலேயே காய்ந்துவிட்டால் செல் வேலை செய்யாது.

பெயருக்கு நேர்மையாக நடப்பது டிரை ஐஸ். உறைந்த கார்பன் டை ஆக்சைடான அது, மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸில் உருகி வழியாமல் நேரே ஆவியாகிவிடும்.

ஒயினில் இல்லாதது இனிப்பு. திராட்சைச் சர்க்கரையை ஈஸ்ட் ஏறக்குறைய முழுவதும் ஆல்கஹாலாக மாற்றிவிட்டால் அது டிரை ஒயின். ஷாம்பெயினில் கணக்கு கொஞ்சம் குழப்பும். ‘எக்ஸ்ட்ரா டிரை’யில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் வரை சர்க்கரை உண்டு, ‘புரூட்’ என்ற வகையில் அதைவிடக் குறைவு. 19-ஆம் நூற்றாண்டு ஷாம்பெயின் மிகவும் தித்திப்பானது; அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்தப் பெயர் பொருந்தும்.

அரசியலில் இல்லாதது மதுவேதான். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கின் ஆதரவாளர்களை ‘டிரை’ என்றும், எதிர்த்தவர்களை ‘வெட்’ என்றும் அழைத்தார்கள். காந்தி ஜெயந்தியன்று இந்தியாவில் மதுக்கடைகளை மூடும் ‘டிரை டே’யிலும் இதே பொருள்தான்.

பேச்சைப் பொறுத்தவரை இந்தச் சொல் பாராட்டாகவும் வரும், குறையாகவும் வரும். சொற்பொழிவு ‘டிரை’ என்றால் சுவையே இல்லை என்று பொருள். நகைச்சுவை ‘டிரை’ என்றால், சொல்பவர் முகத்தில் மட்டும்தான் சிரிப்பு இல்லை.