ஒன்று பூச்சியமானபோது

இயந்திரத்துள் இயந்திரம் – 11

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் வீடு தேடி வருபவருக்கு வழி சொல்வது லேசான காரியமல்ல. வீதியில் ஒரு இலக்கம் இருக்கும். அதன் பின்னால் ஒரு தோட்டமே விரியும். ஓராள் மட்டும் போகக்கூடிய ஒழுங்கைக்குள் சாய்கோடு போட்ட இலக்கங்களாக வீடுகள் நெருங்கி நிற்கும். அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்ணைத்தான் தபால்காரர் நம்பியிருக்கிறார். தண்ணீர்ப் பில்லும் வாக்காளர் இடாப்பும் அதையே நம்பியிருக்கின்றன. ஒருநாள் யாராவது வந்து அந்த எண்ணை மாற்றிவிட்டால் வீடு அசையாது, வீட்டுக்காரரும் மாறமாட்டார். ஆனால் பழைய இலக்கத்துக்கு எழுதிய கடிதம் வீடு வந்து சேராது.

இந்த வாரம் சொல்லப்போவதும் ஓர் இலக்கம் மாறிய கதைதான்.

க்யூஎமுவைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே பேசியிருக்கிறோம். பிரான்ஸ் நாட்டவரான ஃபப்ரீஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட மென்பொருள் அது. ஒரு கணினிக்குள் இன்னொரு முழுக் கணினியை நடித்துக் காட்டும். வெள்ளவத்தையில் வகுப்புக்குப் போய் ஆண்ட்ராய்டு செயலி எழுதப் பழகும் பிள்ளையின் திரையில் தெரியும் அந்தப் பொய்த் தொலைபேசியும் க்யூஎமுவின் மேல் கட்டப்பட்டதுதான். உள்ளே ஓடும் அந்த இயந்திரத்தை இனி கெஸ்ட் என்றே சொல்கிறேன்.

கெஸ்ட் எழும்பியதும் அதன் இயங்குதளம் கேட்கும் முதல் கேள்விகள் எளியவை. எத்தனை புரோசசர்? பவர் பொத்தானை அமுக்கினால் எனக்கு எப்படித் தெரியும்? கார்ட்டுகளை இணைக்கும் பிசிஐ பாதை எங்கே தொடங்குகிறது? இவற்றுக்கான விடைகள் ஏசிபிஐ அட்டவணைகளில் இருக்கின்றன. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறை அது. நிஜக் கணினியில் போர்டைச் செய்தவரின் ஃபர்ம்வேர் இந்த அட்டவணைகளைத் தரும். க்யூஎமுவில் போர்டே இல்லை. 2013இலிருந்து க்யூஎமுவே அவற்றை எழுதிக் கொடுக்கிறது, ஃபர்ம்வேர் வாங்கி நினைவகத்தில் வைக்கிறது.

ஓர் அட்டவணையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். தலைப்புக்கு 36 பைட். முதல் நான்கு எழுத்து அட்டவணையின் பெயர். அடுத்த நான்கு பைட் நீளம். பிறகு ஒரு பைட்டில் பதிப்பு எண், இன்னொரு பைட்டில் செக்சம். அட்டவணையின் எல்லாப் பைட்டுகளையும் கூட்டி 256ஆல் வகுத்தால் மிச்சம் பூச்சியம் வரவேண்டும். அதற்காகவே அந்தச் செக்சம் பைட். அதைத் தாண்டினால் தயாரித்தவர் பெயர் வரும். அங்கே க்யூஎமு என்று இராது, ‘பாக்ஸ்’ என்று இருக்கும். க்யூஎமுவுக்கு முன்னே, 1990களிலேயே வந்துவிட்ட இன்னொரு எமுலேட்டரின் பெயர் அது. முன்னோர் பெயரை இன்னும் சுமந்து திரிகிறது, எனக்கு அது பிடிக்கும்.

இனி அந்த இலக்கத்துக்கு வருவோம். பிசிஐ பாதையின் வேருக்கு யூஐடி என்றொரு எண் உண்டு. ஏசிபிஐ அட்டவணை அதை 1 என்றது. யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரோ அதே வேரை 0 என்று எண்ணியது. ஒரே வீட்டுக்கு இரண்டு இலக்கம். எதிலிருந்து எழும்பவேண்டும் என்பதை மேக்ஓஎஸ் அட்டவணையின் இலக்கத்தை வைத்துக் குறித்துக்கொள்ளும், ஃபர்ம்வேரின் இலக்கத்தோடு அது பொருந்தவில்லை. ஆகவே 2020இல் ஒரு திருத்தம் சேர்ந்தது. 1 என்பது 0 ஆனது.

அட்டவணை மொழியில் ஒன்றும் பூச்சியமும் ஒவ்வொரு பைட்தான். அந்த ஒரு பைட் ஒன்றால் குறையும், அதை ஈடுகட்டச் செக்சம் ஒன்றால் கூடும். நீளம் மாறாது. இரண்டே பைட் அசைந்த திருத்தம், அதுவும் நியாயமான திருத்தம். அன்று அந்தப் பேட்ச் என் கைக்கு வந்திருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிறகு தெரிந்தது, விண்டோஸுக்கு அந்த எண் நினைவில் இருந்திருக்கிறது என்று. க்யூஎமுவைப் புதுப்பித்துவிட்டுப் பழைய விண்டோஸ் கெஸ்ட்டை எழுப்பினால், வேரின் இலக்கம் மாறியதால் அதன் கீழே தொங்கும் எல்லாமே அதற்குப் புதிதாகத் தெரிந்தது. நெட்வொர்க் கார்ட் புதுக் கார்ட் ஆனது. கையால் எழுதிவைத்த ஐபி முகவரி, இப்போது இல்லாத பழைய கார்ட்டின் பெயரில் நின்றுவிட்டது. டிஎச்சிபி மூலம் தானாக முகவரி வாங்கியவை தப்பின, மற்றவை வலையமைப்பு இல்லாமல் நின்றன. சர்வர் நடத்துபவர்கள் முகவரியைக் கையால் எழுதுபவர்கள்தான், அடி விழுந்ததும் அவர்களுக்குத்தான். 2021இல் மறுதிருத்தம் வந்தது. க்யூஎமு 5.1 பதிப்பு வரையிலான மெஷின் டைப்புகளுக்கு, அதாவது அது நடிக்கும் கணினி வகைகளுக்கு, 1; அதற்குப் பிந்தியவற்றுக்கு 0. பழைய வீட்டுக்குப் பழைய இலக்கத்தையே திருப்பிக் கொடுத்தார்கள்.

அட்டவணை ரிவியூவில் கெஸ்ட் எதை நினைவில் வைத்திருக்கும் என்று யோசிப்பதுதான் பாதி வேலை என்று நான் நம்புவது இதனால்தான்.

எங்கள் தோட்டத்தில் ஒரு தம்பி இருக்கிறான், பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். போன ஞாயிறு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பழகுவதற்காக அட்டவணை எழுதும் பகுதியில் கை வைத்திருக்கிறான்.

“ஒரு லைன்தான் அண்ணே மாத்தினேன். முதல்ல டெஸ்ட் ஃபெயிலாச்சு. எக்ஸ்பெக்டட் ஃபைலை அப்டேட் பண்ணினதும் பாஸாகிட்டுது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கெஸ்ட்டின் கையில் போய்ச் சேரவேண்டிய அட்டவணைகளை க்யூஎமு பைனரிக் கோப்புகளாகவே சேமித்து வைத்திருக்கிறது. சோதனை ஓடும்போது இன்று உருவாகும் அட்டவணையை அந்தக் கோப்போடு ஒப்பிடும். ஒரு பைட் வேறானாலும் சத்தம் போடும். அந்தச் சத்தத்தை அடக்க ஒரே கட்டளை போதும். ஆனால் அது பிள்ளையின் விடையைப் பார்த்து விடைப்பட்டியலைத் திருத்துவது மாதிரி. அந்தக் கட்டளைக்கும் ஓர் இடம் உண்டு, அது கடைசியில்தான்.

முறை இதுதான். முதல் பேட்சில், எந்தெந்தக் கோப்பு மாறப்போகிறதோ அவற்றின் பெயரை ஒரு பட்டியலில் எழுதவேண்டும். ‘இவை மாறும், பொறுத்துக்கொள்’ என்று சோதனையிடம் முன்கூட்டியே சொல்வது அது. அடுத்த பேட்சில் உண்மையான மாற்றம். மூன்றாவதில் புதிய பைனரிகளை வைத்துவிட்டுப் பட்டியலை வெறுமையாக்கவேண்டும். பைனரியை யாராலும் வாசிக்க முடியாது. அதனால் பழையதையும் புதியதையும் மனிதர் வாசிக்கும் வடிவத்துக்கு விரித்து, வேறுபட்ட வரிகளைப் பேட்சின் குறிப்பிலேயே ஒட்டவேண்டும். சி நிரலை மட்டும் வாசித்தவருக்கு ஆசிரியர் செய்ய நினைத்தது தெரியும். கெஸ்ட்டுக்குப் போய்ச் சேர்வது அந்த விரித்த வரிகளில்தான் தெரியும்.

“அட்டவணையை விரிச்சுப் பார்த்தியா தம்பி?”

“இல்லண்ணே.”

உட்கார்ந்து விரித்தோம். அவன் மாற்ற நினைத்தது க்யூஎமு நடிக்கும் க்யூ35 என்ற மெஷினை மட்டும். க்யூ35க்கே சேமித்த கோப்புகள் ஏராளம், மெமரியை எப்படிப் பிரித்தால் என்ன வரும், இடையில் பிரிட்ஜ் வந்தால் என்ன வரும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அவற்றில் மாற்றம் வந்திருந்தது, அது சரி. ஆனால் 1996ஆம் ஆண்டுச் சிப்செட்டை நடிக்கும் பழைய ‘பிசி’ மெஷினின் அட்டவணையிலும் ஒரு வரி அசைந்திருந்தது. இரண்டு மெஷினுக்கும் பொதுவான ஃபங்ஷனுக்குள் அவன் கை போயிருக்கிறது. சோதனை முதலில் போட்ட சத்தத்தில் அதுவும் இருந்தது. அதை வாசிக்காமலே அவன் அடக்கிவிட்டான்.

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு புதுப்பித்த கோப்புகள் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, முதல் பேட்சிலிருந்து தொடங்கினான். பட்டியலில் க்யூ35இன் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினான். ‘பிசி’யின் பெயரை எழுதவில்லை. இப்போது சோதனையை ஓட்டியதும் அது அந்த ஒரு கோப்பிலேயே தோற்று நின்றது. அந்தச் சிவப்பு வரியைத் திரையில் அப்படியே விட்டுவிட்டு, ஃபங்ஷனைப் பிரிக்கத் தொடங்கினான்.

(தொடரும்)