ஆடும் நாற்காலி: செய்யும் கைக்கும் உட்காரும் முதுகுக்கும் காவல்

ஆடும் நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முட்டுவலிக்காரப் பாட்டி, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அப்பா, கைக்குழந்தையை மடியில் போட்டு உறங்கவைக்கும் தாய். நாற்காலி முறிந்தால் சட்டென்று எழுந்து விலக முடியாதவர்கள் இவர்கள்.

அதைச் செய்கிறவரோ வீட்டுப் பின்புறத்தில் தகரம் வேய்ந்த சின்னப் பட்டறையில் தனியாக நிற்கிறார். கன்னியாகுமரி மாவட்டத்து இனயம் போன்ற கடற்கரை ஊரில் என்றால், கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைதான் பலருக்கு அதற்கு வாய்க்கும். தொழிற்சாலைக்கு ஆய்வாளர் வருவார், இயந்திரத்துக்குக் காப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டுப் பட்டறைக்கு யாரும் வரமாட்டார்கள். அங்கே செய்கிறவரேதான் ஆய்வாளர். அந்த ஆய்வுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரை.

மரம் எங்கிருந்து வந்தது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் நல்ல மரத்துக்குப் பஞ்சமில்லை. அயினி, பலா, மகாகனி, பூவரசு, வேம்பு என்று வீட்டு வளாகத்திலேயே நிற்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டமெங்கும் மரங்கள் வேரோடு சாய்ந்ததைக் கண்டவர்கள் நாம். சாய்ந்த மரத்தை வீணாக்காமல் பலகையாக அறுப்பது நல்லதுதான். ஆனால் மரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வண்டியில் ஏற்றும்போது 1968-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகள் குறுக்கே வரும். எந்த மரத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், எதற்கு விலக்கு உண்டு என்பதை அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சந்தனம், ஈட்டி என்றால் கேட்காமல் கைவைக்கவே வேண்டாம். ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வளைகுடாவிலுள்ள மகனுக்கு ஈட்டி நாற்காலி அனுப்ப நினைப்பவர் ஏற்றுமதி விதிகளை முதலில் விசாரிக்க வேண்டும்.

மரக்கடையில் வாங்கினால் பில் கேட்டு வாங்குங்கள். மரத்தின் பெயர், கன அடி, விலை மூன்றும் அதில் இருக்கட்டும். மரம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் காட்டவும், தேக்கு என்று சொல்லி வேறு மரத்தைத் தந்துவிட்டால் வழக்குப் போடவும் அந்த ஒரு தாள்தான் உதவும்.

பழைய வள்ளப் பலகையில் ஒளிந்திருப்பது

உப்புக்காற்றில் பல ஆண்டு கிடந்த வள்ளப் பலகையை இழைத்தால் உள்ளே வைரம் பாய்ந்த மரம் பளபளக்கும். அதில் நாற்காலி செய்ய ஆசைப்படாதவர் குறைவு. ஆனால் அந்தப் பலகையின் ஓரத்தை ஒரு முறை உற்றுப் பாருங்கள்: நீலத்துக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே இன்னொரு நீலம். ஆண்டுக்கு ஆண்டு அடித்த பெயிண்ட். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல்தான் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். படகின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அடிக்கும் பெயிண்டிலும் நச்சு உண்டு.

இதை மெஷின் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் முற்றமெங்கும் பறக்கும். தவழும் பிள்ளை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது ஈயம். அதில் பாதுகாப்பான அளவென்று எதுவும் இல்லை. ஆகவே பெயிண்ட் ஏறிய பலகையை உலர்வாகத் தேய்க்காதீர்கள், சூடுகாட்டி உரிக்காதீர்கள். ஈரமாக்கிச் சுரண்டி, துகளைத் தாளில் கூட்டிப் பொதிந்து அப்புறப்படுத்துங்கள். சந்தேகம் இருந்தால் பெயிண்ட் படிந்த பக்கத்தை அறுத்துத் தள்ளிவிடுவதே மேல். அந்தச் சிராய்களை அடுப்பில் வைக்கக் கூடாது.

சரக்குப் பெட்டிகளோடு வரும் பேலட் பலகை என்றால் அதன் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது. எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டியது; வீட்டுச் சாமானுக்கு வேண்டாம்.

தூசி, விரல், தீ

மரத்தூள் உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று நம்புகிறவர்கள் இன்னும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மூக்குப் புழையும் அதையொட்டிய எலும்புக் குழிகளும்தான் பாதிக்கப்படும் இடங்கள். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டினால் பெருந்தூள் நிற்கும், நுண்தூள் உள்ளே போகும். என்-95 முகக்கவசம் போடுங்கள். உப்புத்தாள் வேலையைத் திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று செய்யுங்கள்.

விரலுக்குப் பெரிய எதிரி, காப்பைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கும் கிரைண்டர். நான்கு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்றுச் சுற்றும். பல் பதித்த பிளேடு மரக்கணுவில் சிக்கினால் மெஷின் கையை உதறிவிட்டு ஆளின் மேலேயே பாயும். நாற்காலியின் காலடியில் வரும் வளைந்த ஆட்டக்கட்டையை அறுக்க ஜிக்சாவோ கைவாளோ போதும். சுழலும் மெஷினருகே துணிக் கையுறையும் தளர்ந்த லுங்கியும் வேண்டாம், இழுத்துக்கொள்ளும். பட்டறை இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவுத் துண்டிப்பானைப் பொருத்துங்கள்; ஈரக்காற்று வீசும் கரையில் அது உயிர்காப்பு.

விரல் துண்டாகிவிட்டால் காயத்தை அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்து 108-ஐ அழையுங்கள். துண்டான பகுதியைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி, அந்த உறையை ஐஸின் மேல் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் தசை கெட்டு, சேர்க்க முடியாமல் போகும்.

தீயைப் பற்றி ஒரு சொல். ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு உறங்கப் போனால், தீக்குச்சி இல்லாமலே அது பற்றும். அந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடாகும். சுருட்டிய துணிக்குள் சூடு அடைபட்டுக் கொழுந்துவிடும். துணியை விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்குங்கள்.

உட்காருகிறவரின் காவல்

ஆட்டக்கட்டை இரண்டும் நாற்காலியின் உயிர்நாடி. அகலப் பலகையிலிருந்து வளைவாக ஒரே துண்டாய் அறுத்தால் மரத்தின் ரேகை நுனியில் குறுக்கே வெட்டுப்படும். ஒருநாள் அங்கேதான் முறியும். மெல்லிய பட்டைகளை ஒட்டி வளைத்தால் ரேகை வளைவோடு ஓடும். பின்பக்க நுனியைச் சற்று நீளவிட்டால் சாயும்போது பின்னால் கவிழாது. பச்சை மரத்தில் குடுமி வைத்தால், காய்ந்ததும் சுருங்கித் துளையில் ஆடும். கரையோரத்தில் இரும்பு ஸ்குரூ உள்ளே துருப்பிடித்து உளுத்துப்போகும். பித்தளையோ நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள். ஒப்படைக்கும் முன், உட்காரப்போகிறவரைவிட இருமடங்கு எடையுள்ள மணல் மூட்டைகளை ஏற்றிப் பலமுறை ஆட்டிப் பாருங்கள். நாற்காலி ஆடும்போது தரையில் விளையாடும் பிள்ளையின் விரல் கட்டைக்கடியில் நசுங்கும் என்பதை வீட்டாரிடம் சொல்லிக் கொடுங்கள்.

உங்கள் உரிமையும் கடமையும்

வாங்கிய மெஷின் பழுதா, பிளைவுட் போலியா? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. சுயதொழில் செய்து பிழைக்க மெஷின் வாங்கிய ஆசாரியும் அந்தச் சட்டத்தின்படி நுகர்வோர்தான். முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பின்பு 1915 என்ற தேசிய உதவி எண். தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்மையா என்பதை, அதனடியிலுள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம்.

இதே சட்டம் உங்களையும் கட்டும். காசுக்கு விற்ற நாற்காலி குறைபாட்டால் முறிந்து ஒருவருக்கு அடிபட்டால், செய்தவர் என்ற முறையில் நீங்கள் பொறுப்பு. வீட்டு மின் இணைப்பில் விற்பனைக்கு வேலை செய்வதும் விதிமீறல். குடிசைத் தொழிலுக்கான இணைப்புக்கு மின்வாரியத்தில் விண்ணப்பியுங்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். அண்டை வீட்டாரின் உறக்கமும் உரிமைதான்.

தச்சுத் தொழிலாளர்கள் அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்துகொண்டால் விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவற்றைக் கோரலாம். தமிழக அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயது நிரம்பியோருக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 விழுக்காடு மானியமும் என்று அறிவித்தது. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். இடைத்தரகருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை. நாற்காலியைக் கவிழ்த்து, இருக்கையின் அடிப்பக்கம் அழியாத மையால் எழுதுங்கள்: என்ன மரம், என்ன பூச்சு, எந்த ஆண்டு. அந்த வள்ளப் பலகையில் எந்தப் பெயிண்ட் ஏறியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் இன்று சந்தேகத்தோடு சுரண்டுகிறோம். முப்பது வருஷம் கழித்து உங்கள் நாற்காலியை இழைக்கப் போகிற கைக்கு அந்த மூன்று வரி காவலாக இருக்கும்.