பாதிப் பெயர் போன பாண்டியன் காசு

திருநெல்வேலிச் சீமையில் கிடைக்கும் பழைய பாண்டியர் செப்புக்காசுகளைப் பார்த்திருக்கிறீர்களா? சிலவற்றில் மீன் இருக்கும், வால் இருக்காது. சிலவற்றில் மன்னன் பெயரில் பாதிதான் இருக்கும். தேய்ந்துபோன காசு என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் தேய்ந்த காசில் எழுத்துகள் மழுங்கியிருக்கும். எஞ்சிய எழுத்துகள் கூர்மையாக இருந்து, விளிம்பில் மட்டும் அறுபட்டிருந்தால் அது தேய்மானம் அன்று. அடிக்கும்போதே நேர்ந்த பிழையாகும்.

பிழை எப்படி நேர்ந்தது? தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் பாண்டியரின் துறைமுகமாக விளங்கியது கொற்கை. அதனருகே அக்கசாலை என்றோர் ஊர் உண்டு. அக்கசாலை என்ற சொல்லுக்கு நாணயம் அடிக்கும் கூடம் என்று பொருள். அக்காலக் கூடங்களில் இயந்திரம் கிடையாது. உருவங்களை இடவலம் மாற்றி வெட்டிய இரண்டு அச்சுகள் இருக்கும். கீழச்சின்மேல் செப்புத் துண்டை வைத்து, மேலச்சைக் கையால் பிடித்து, சம்மட்டியால் அடிப்பார்கள்.

துண்டு சற்று விலகினால் உருவம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். அச்சைவிடத் துண்டு சிறியதானாலும் எழுத்துகள் வெளியே போய்விடும். இரண்டாம் அடியில் துண்டு நகர்ந்தால் உருவம் இரட்டிக்கும். அடித்த காசு மேலச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த துண்டில் ஒரே உருவம் ஒரு புறம் புடைப்பாகவும், மறு புறம் குழிவாக இடவலம் மாறியும் விழும். ரோமானியர் நாணயங்களிலும் இவ்வகைப் பிழை உண்டு.

அச்சில் வெடிப்பு விழுந்தால் காசில் அது மெல்லிய மேடாகத் தோன்றும். ஒரே மேடு பல காசுகளில் இருந்தால் அவை ஒரே அச்சில் பிறந்தவை. மேடு நீண்டுகொண்டே போனால், எது முந்தியது, எது பிந்தியது என்றும் சொல்லிவிடலாம்!

பாதிப் பெயரை எப்படிப் படிப்பது? ஒரு காசில் ‘சுந்தர பா’ என்றும், மற்றொன்றில் ‘பாண்டியன்’ என்றும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் உள்ள ‘பா’ எழுத்தின் வடிவும், பின்புற உருவமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒத்திருந்தால் ‘சுந்தர பாண்டியன்’ என்று கூட்டிப் படிக்கலாம். ஒத்துப் பார்க்காமல் கூட்டினால் ஒரு மன்னன் காசு வேறொருவன் கணக்கில் சேர்ந்துவிடும். 1888-ஆம் ஆண்டிலேயே லோவெந்தால் என்ற பாதிரியார் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அன்று முதல் இன்றுவரை அறிஞர்களுக்கு ஒரே காசு போதுவதில்லை. பல காசுகள் வேண்டியிருக்கின்றன.

ஆகவே, மாணவர்களே, பழைய காசு கண்ணில் பட்டால் புளி போட்டுத் துலக்காதீர்கள். வெடிப்பின் மெல்லிய தடம் அதோடு போய்விடும். பழைய செம்பென்று கடையில் எடைக்கும் போடாதீர்கள். மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதானால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அழகான காசில் இல்லாத ஓர் எழுத்து, நீங்கள் கழித்துப்போடும் அந்தக் கோணல் காசில் இருக்கலாம்.