நடுவில் விடுபட்ட நான்கு வகுப்புகள்

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளைத் தேடித் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பெற்றோர்கள் பல ஆண்டுகளாக வருகிறார்கள். 2017-ல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தும்வரை பிளஸ் டூ மாநில முதலிடங்கள் பல இங்கிருந்தே போயின. இதே சேலம், நாமக்கல் சமவெளியில்தான் தோட்ட வேலையிலும் தோல் வேலையிலும் துப்புரவிலும் தலைமுறை தலைமுறையாகத் தள்ளப்பட்ட அருந்ததியர் மக்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அந்தப் பள்ளிகளில் சேரக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கட்டணமே அவர்களைத் தடுத்துவிடுகிறது. அரசின் கை கல்வியின் தொடக்கத்தில் நீள்கிறது, கல்லூரி வாசலிலும் நீள்கிறது. எதிர்காலம் முடிவாகும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில்தான் மெலிந்துபோகிறது.

விடுதிப் பள்ளிகள் விற்பது முக்கியமாக நேரத்தை. பிளஸ் டூ பாடத்தைப் பிளஸ் ஒன்னிலேயே தொடங்கிவிடுவது, தினமும் சிலிப் டெஸ்ட், இரவுப் படிப்பில் சந்தேகம் கேட்கப் பக்கத்திலேயே ஆசிரியர். அரசுப் பள்ளி மாணவிக்கு அதே பாடத்துக்கு ஓராண்டுதான். மாலையில் வீடு திரும்பினால் வேலையும் காத்திருக்கும். பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிப்போகும் இந்த வழக்கத்தைத் தடுக்கவே 2017-18-ல் அதற்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கியது. மாணவர்களின் பதற்றம் குறையும் என்பது உண்மை. ஆனால் பழைய குறுக்குவழியும் திறந்துகொள்ளும். மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத் தேர்வு இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்கியது. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் மறுமுறை எழுதியவர்களின் பங்கு 2016-17-ல் 12.47 சதவீதமாக இருந்து 2020-21-ல் 71.42 சதவீதமானதாக, நீட்டின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு காட்டியது. தினக்கூலி வீட்டுப் பிள்ளை ஓராண்டு முழுக்கப் பயிற்சி மையத்தில் உட்கார முடியுமா?

இது ஏழ்மைப் பிரச்சினை, இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாச் சாதியிலும் ஏழைகள் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கும் உதவி வேண்டும். ஆனால் இங்கே நிலமும் கோழிப்பண்ணையும் லாரியும் ஜவ்வரிசி ஆலையும் யார் கையில் சேர்ந்தன என்பதைச் சாதி பெருமளவு தீர்மானித்தது. நிலமுள்ள சாதியில் நொடித்துப்போன குடும்பத்துக்கும் கடன் கொடுக்க ஒரு பங்காளி, கைகாட்ட ஒரு சங்கம் இருக்க வாய்ப்புண்டு. பட்டியல் சாதியினர் வாழும் காலனியில் அந்தக் கைமாற்றுக்கும் வழியில்லை. பட்டியல் சாதிகளுக்கான 18 சதவீத இட ஒதுக்கீட்டுக்குள்ளும் அருந்ததியர் பின்தங்கியதால்தான் 2009-ல் அவர்களுக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு தேவைப்பட்டது. மாநிலங்கள் அப்படிப் பிரித்துத் தரலாம் என்று 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. அமெரிக்காவிலும் 1954-ல் நிறப் பாகுபாட்டுப் பள்ளிகளை நீதிமன்றம் செல்லாது என்றது; ஆனால் பள்ளிச் செலவின் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்துவரியை நம்பியிருப்பதால் கறுப்பினப் பிள்ளைகள் பலருக்கு வசதி குறைந்த பள்ளியே இன்றும் வாய்க்கிறது. சட்டத்தின் தடை நீங்கினாலும் சொத்தின் தடை நிற்கும்.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிகள் சலுகை தருகின்றனவே என்பது அடுத்த வாதம். சிலருடைய வாழ்க்கை அதனால் உயர்ந்திருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே முந்திவிட்டவர்களுக்கான கதவு. நடுத்தர மதிப்பெண்ணோடு நிற்கும் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. சலுகைக்கு இன்னொரு விலையும் உண்டு. 2020-ல் வந்த 7.5 சதவீத மருத்துவ ஒதுக்கீடு முதல் ஆண்டிலேயே 300க்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் திறந்தது. அதற்குத் தகுதி பெற ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பிளஸ் ஒன்னில் தனியாருக்குப் போனால் அந்த உரிமை போய்விடும்.

தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் தரும் 25 சதவீத இடங்களும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. ஆகவே அரசு மேல்நிலைப் பள்ளிதான் இந்தப் பிள்ளைகளுக்கு மிஞ்சும் இடம். பணமும் கவனமும் அங்கேதான் குவிய வேண்டும். இயற்பியலுக்கும் கணக்குக்கும் முதுகலை ஆசிரியர் பணியிடம் ஒரு நாளும் காலியாக இருக்கக் கூடாது. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இரவு உணவோடு, பாடம் சொல்லித்தர ஓர் ஆசிரியரும் இருக்க வேண்டும். பிளஸ் ஒன் பாடம் எல்லாப் பள்ளிகளிலும் உண்மையிலேயே நடக்கிறதா என்று அரசு சோதிக்க வேண்டும். இவ்வளவுக்கும் செலவாகும்தான். பணமுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு விலைகொடுத்து வாங்கும் அதே நேரத்தையும் ஆசிரியரையும் மற்றப் பிள்ளைகளுக்கு அரசு தர மறுத்தால், கல்லூரி வாசலில் எத்தனை ஒதுக்கீடு வைத்தாலும் அதுவரை வந்துசேர்பவர்கள் சிலராகவே இருப்பார்கள்.