நீரடிமுத்து எண்ணெயும் உணர்விழந்த தோலும்

தோலில் ஒரு வெளிறிய படை தோன்றினால் எம்மவர் பலர் முதலில் தேடுவது எண்ணெய்ப் போத்தலைத்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொழுநோய்க்கு 1940கள் வரை மேலைநாட்டு வைத்தியமும் ஒரு காட்டு மரத்தின் எண்ணெயையே நம்பியிருந்தது.

நீரடிமுத்து மரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் ஓடைக்கரையோரம் வளர்கிறது. மலையாளத்தில் இது மரோட்டி. இதன் விதை எண்ணெயைச் சித்த வைத்தியர்கள் நெடுங்காலமாகத் தோல் வியாதிகளுக்குப் பாவித்து வந்தனர். இதே இனத்து சால்முக்ரா மரம் பர்மாக் காடுகளில் உண்டு. அந்த எண்ணெயைக் குடித்தால் வாந்தி வரும். ஊசியாக ஏற்றினால் கரையாமல் கட்டியாகி நோவெடுக்கும். ஹவாயில் அலிஸ் போல் என்ற இளம் கறுப்பின இரசாயனவியலாளர், உடல் உறிஞ்சக்கூடிய விதமாக அதை மாற்றும் வழியைக் கண்டார். 1916 இறுதியில், 24 வயதிலேயே அவர் காலமானார்.

அந்த எண்ணெய் சிலருக்குப் பலன் தந்தது. ஆனால் நிலையான குணம் தரவில்லை. 1940களில் சல்போன் மருந்துகள் வந்தன. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று 6 அல்லது 12 மாதங்களில் தொழுநோய் முற்றாகக் குணமாகும்.

இங்கு வாழும் எமக்கு இது எதற்கு? இலங்கையிலும் இந்தியாவிலும் இந்நோய் இன்னும் இருக்கிறது. கிருமி தொற்றிச் சராசரியாக 5 வருடங்களின் பின்பே, சிலருக்கு 20 வருடங்கள் கழிந்தும், அடையாளம் தெரியவரும். ஊரைவிட்டு வந்து நீண்ட காலமாயிற்று என்று இருந்துவிட முடியாது.

வெளிறிய படைகளில் மிகப் பெரும்பாலானவை சாதாரண தேமலோ எக்சிமாவோதான். ஆனால் கடியில்லாத, நோவில்லாத ஒரு படையைப் பஞ்சால் தொட்டும் உணர்வு தெரியாவிட்டால், அல்லது கை கால் விறைத்தால், தாமதியாமல் குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள். இங்குள்ள வைத்தியர்கள் பலர் இந்நோயைக் கண்டிருக்க மாட்டார்கள். எனவே எந்த நாட்டில் பிறந்தீர்கள், எங்கே வாழ்ந்தீர்கள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள்.

கைகுலுக்குவதாலோ ஒன்றாக உண்பதாலோ இது தொற்றாது. மருந்து தொடங்கியதும் பரவுவது நின்றுவிடும். பழுதான நரம்பு மட்டும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. வெட்கத்தால் மறைத்து எண்ணெய் பூசிக் காத்திருக்கும் மாதங்களில்தான் அந்த நரம்பு பழுதாகிறது.